மூடியைத் திறந்தால் பெருமூச்சு விடும் கார்

கேள்வி: அப்பாவின் பெட்ரோல் கார் 2012-ஆம் ஆண்டு மாடல். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். இரண்டரை ஆண்டுகள் வண்டி கொட்டகையில் உறை போட்டபடியே நின்றது. நான் இப்போது ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பதால் வெளியே எடுத்தோம். புது பேட்டரி போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. டேங்கில் கால்வாசி பழைய பெட்ரோல் இருந்தது. அதன் மேலேயே கொஞ்சம் புதிது ஊற்றினோம். காலையில் முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் இன்ஜின் உதறுகிறது, பிறகு சீராகிவிடுகிறது. ஆனால் இருபது நிமிடம் ஓட்டியதும் மேட்டில் இழுக்க மறுக்கிறது. திக்கித் திக்கி ஓடி அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் விட்டுவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், கடைசியாக ஃபியூயல் பம்ப் வரை மாற்றியாயிற்று. பலன் இல்லை. டேங்கை முழுக்க நிரப்பிப் பாருங்கள் என்றார்கள். நிரப்பிய பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே நின்றுவிடுகிறது. இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வை மாற்ற வேண்டும் என்கிறார்கள். பெட்ரோல் மூடியைத் திறக்கும்போதெல்லாம் வண்டி பெருமூச்சு விடுகிறது என்று அப்பா வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார். பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இ.சி.யு.வை மாற்ற வேண்டாம். விற்கவும் வேண்டாம், குறைந்தபட்சம் இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் ஒரு சோதனையைச் செய்து பார்க்கும் வரை. அந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, செலவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளில் நான் நின்றுவிட்டேன். டேங்கை நிரப்பிய பிறகு முன்பைவிடச் சீக்கிரமாக நிற்கிறது என்பது ஒன்று. மூடியைத் திறந்தால் பெருமூச்சு விடுகிறது என்று அப்பா சொல்வது இன்னொன்று. இரண்டையும் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதத்தில் அவையே முக்கியமாகப் பட்டன. உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்கு முன் ஒரு விஷயம். வண்டிக்கு வரும் கோளாறுகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். ஓடி ஓடி வருபவை ஒரு வகை: பிளக் முனை தேய்வது, கிளட்ச் தேய்வது, காயில் சூட்டில் வெந்து போவது. நின்று நின்று வருபவை இன்னொரு வகை: திரவங்கள் கெடுவது, ரப்பர் காய்ந்து வெடிப்பது, இரும்பில் துரு ஏறுவது, எலியும் பூச்சியும் குடியேறுவது. உங்கள் வண்டி இரண்டரை ஆண்டுகள் ஓடவே இல்லை. நிறுத்திய அன்று நன்றாக ஓடிய வண்டி அது. அப்படியானால் நிற்கும்போது எது கெட்டிருக்கும் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு மாற்றித் தந்தவை பெரும்பாலும் முதல் வகைப் பொருள்கள். உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தினமும் ஓடுகிற வண்டிகளையே பார்ப்பவருக்குக் கை முதலில் பிளக்கின் பக்கம்தான் போகும்.

மாற்றிய பாகங்களுக்குக் கொடுத்த பணம் முழுக்க வீணாகிவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். புது பிளக்கும் காயிலும் போட்ட பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறது என்றால், அவை காரணமில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஃபியூயல் பம்பும் அப்படியே. பம்போடு அதன் வாயில் இருக்கும் வலைச் சல்லடையும் புதிதாக வந்திருந்தால், சல்லடை அடைப்பு என்ற சந்தேகமும் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. இதை அவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிலர் மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சல்லடையையே திரும்பப் போட்டுவிடுவார்கள்.

இனி, வண்டி எப்படி அணைகிறது என்பதைப் பார்ப்போம். நீங்கள் இதை அழகாக எழுதியிருக்கிறீர்கள்: முதலில் மேட்டில் இழுக்கவில்லை, பிறகு திக்குகிறது, பிறகு அணைகிறது. மின்சாரக் கோளாறால் நிற்கிற இன்ஜின் பெரும்பாலும் இப்படி நிற்காது. சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றுவிடும். டேஷ்போர்டில் இன்ஜின் வேகம் காட்டும் முள் அந்தக் கணமே பூஜ்யத்துக்கு விழும். உங்கள் இன்ஜின் பட்டினியால் சாகிறது. முதலில் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் மேட்டில் தடுமாறுகிறது. பிறகு சமதளத்துக்கும் போதவில்லை. கடைசியில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும் ஐடிலிங்குக்கும் போதவில்லை. பெட்ரோல் இன்ஜினுக்கு வந்து சேரும் அளவு படிப்படியாகக் குறைகிறது.

பம்ப் புதிது, டேங்க் நிறைய பெட்ரோல். பிறகு ஏன் பட்டினி?

டேங்க் மூச்சு விட வேண்டும். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள். குடுகுடுவென்று திணறித் திணறித்தான் கொட்டும். உள்ளே காற்று போனால்தான் தண்ணீர் வெளியே வர முடியும். பெட்ரோல் டேங்கிலும் அதே கதைதான். பம்ப் ஒரு லிட்டர் பெட்ரோலை எடுத்தால் அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து காற்று வர வேண்டும். அதற்கென ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டேங்கிலிருந்து ஒரு குழாய், கரி நிரப்பிய ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குப் போகும். கேனிஸ்டர் என்பார்கள். பெட்ரோல் ஆவி வெளியே போய்க் காற்றைக் கெடுக்காமல் அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்கு வெளிக்காற்று வர இன்னொரு குழாய் உண்டு; அதன் வாய் வண்டியின் அடியில் எங்கோ திறந்து கிடக்கும். அந்த வாய் அடைபட்டால் டேங்குக்கு மூச்சு நிற்கும். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பம்பின் பலம் அந்த வெற்றிடத்தோடு மல்லுக்கட்டவே சரியாக இருக்கும். இன்ஜினுக்குப் போதிய அழுத்தத்தில் பெட்ரோல் போகாது. வெயிலில் சூடேறிய பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். அழுத்தம் குறைந்த இடத்தில் அது பம்பின் வாயிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஆவியை அந்தப் பம்ப்பால் தள்ள முடியாது.

இப்போது நான் நின்றுவிட்ட அந்த இரண்டு வரிகளில் முதலாவதற்கு வாருங்கள். டேங்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால், உள்ளே காற்று நிறைய இருக்கிறது. ஒரு லிட்டர் எடுத்தால் அந்தக் காற்று கொஞ்சமாக விரிந்து இடத்தை நிரப்பிவிடும். வெற்றிடம் மெதுவாகவே கூடும். டேங்க் ததும்ப நிறைந்திருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான். அதே ஒரு லிட்டரை எடுத்ததும் வெற்றிடம் மளமளவென்று ஏறிவிடும். அதனால்தான் இருபது நிமிடம் ஓடிய வண்டி நிரப்பிய பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நிற்கிறது. இ.சி.யு.வுக்கு டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதைப் பற்றி இப்படி ஒரு பாரபட்சம் கிடையாது. சூடேறினால் செயலிழக்கும் சென்சாருக்கும் கிடையாது. டேங்கின் அளவுக்குத் தகுந்து மாறுகிற நோய், டேங்கைச் சேர்ந்த நோயாகத்தான் இருக்க வேண்டும்.

அரை மணி நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆவதும் இதோடு பொருந்துகிறது. பெட்ரோல் மெல்ல ஆவியாகி அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. எங்கோ ஒரு மயிரிழை இடைவெளி வழியாகக் காற்றும் கசிந்து உள்ளே போகிறது. உங்கள் அப்பா கேட்ட பெருமூச்சு, மூடி திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தமாக இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூடியைத் திறந்தால் லேசாக 'உஸ்' என்பது பல வண்டிகளில் இயல்புதான். வெயிலில் நின்ற வண்டியில் உள்ளே அழுத்தம் கூடி, ஆவி வெளியே வரும்போதும் சத்தம் கேட்கும். எனவே சத்தம் வருகிறதா என்பது மட்டும் போதாது; காற்று எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியே வந்தால் பெட்ரோல் வாடை முகத்தில் அடிக்கும். உள்ளே இழுத்தால், மூடியைச் சற்றே தளர்த்தியதும் விளிம்பில் வைத்த விரல் நுனியைக் காற்று உள்ளே இழுப்பது தெரியும். மூடியே கழன்று வர அடம்பிடிக்கும்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இப்படி நீண்ட நாள் நின்ற ஒரு வண்டி என்னிடம் வந்தது. பட்டறையில் வைத்து எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் நிற்காது. உரிமையாளர் எடுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நின்றுவிடும். மூன்று முறை அவர் திரும்பி வந்தார். மூன்றாவது முறை நான் பிடிவாதமாக ஒரு காரியம் செய்தேன். பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜை இன்ஜினில் இணைத்து, நீளமான ஹோஸ் போட்டு, பானெட்டுக்கு வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் மேல் பட்டை ஒட்டி நிறுத்தினேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். தொடக்கத்தில் மூன்று பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அசையாமல் நின்றது. கால் மணி நேரத்துக்குப் பிறகு முள் நடுங்கியது. பிறகு இரண்டரை, இரண்டு என்று இறங்கத் தொடங்கியது. ஒன்றரைக்கு வந்தபோது இன்ஜின் திக்கியது. ஓரம் கட்டச் சொல்லி, அது அணைவதற்குள் ஓடிப்போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினேன். நீண்ட மூச்சு உள்ளே போயிற்று. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவர் கத்தினார்: "முள் ஏறுகிறது!" இன்ஜின் சீரானது.

பட்டறைக்குத் திரும்பி அடியில் படுத்துத் தேடினேன். கேனிஸ்டரிலிருந்து வரும் சுண்டுவிரல் பருமனான ரப்பர் குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. சாம்பல் நிற மண், சுட்ட செங்கல்போல இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் முனையால் குத்தியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நடுவில் காய்ந்த சிலந்தி ஒன்றின் கால்கள். குளவி தன் குஞ்சுக்கு இரையாக வைத்தது. அந்த விரல் அளவு மண்ணுக்காக அந்த மனிதர் ஒரு நல்ல பம்பை மாற்றியிருந்தார். மாற்றச் சொன்னவன் நான். அந்தப் பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்று முதல், நின்ற வண்டி எது வந்தாலும் அடியில் தொங்கும் திறந்த குழாய் வாய்கள் எல்லாவற்றையும் பார்க்காமல் பானெட்டைத் திறப்பதில்லை.

இது எங்கோ ஒரு வண்டிக்கு மட்டும் நேர்வதல்ல. 2011-இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் மாஸ்டா 6 கார்களைப் பல்லாயிரக்கணக்கில் திரும்ப அழைத்தது. காரணம், ஒரு வகை மஞ்சள் சிலந்தி இதே காற்றுக் குழாயில் வலை பின்னிவிடும் என்பது. அடைப்பால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, டேங்கே விரிசல் விடக்கூடும் என்று அஞ்சினார்கள். 2014-இலும் அதே காரணத்துக்காக இன்னொரு முறை அழைத்தார்கள். தினமும் ஓடுகிற வண்டிகளிலேயே இப்படி என்றால், இரண்டரை ஆண்டு அசையாமல் நின்ற வண்டியைப் பூச்சிகள் சும்மா விட்டிருக்குமா?

இனி நீங்கள் செய்ய வேண்டிய சோதனை. வழக்கமாக நிற்கிற அதே பாதையில் ஓட்டுங்கள். நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து, ஓட்டுவதற்கு அனுபவமுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பெட்ரோல் மூடியை மெதுவாகத் தளர்த்தி, சத்தம் அடங்கும் வரை பொறுத்து, மறுபடி இறுக்கமாக மூடிவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்தில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. மூடியைத் தளர்வாக விட்டுவிட்டு ஓட்டவும் கூடாது; திருப்பங்களில் பெட்ரோல் வெளியே சிந்தும். இப்படி நாற்பது நிமிடம் ஓட்டியும் வண்டி நிற்கவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த இடைநிறுத்தங்களில் இன்ஜின் கொஞ்சம் ஆறிவிட்டதால்தான் நிற்கவில்லையோ என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காக மறுநாள் அதே பாதையில், டேங்கில் ஏறக்குறைய அதே அளவு பெட்ரோலோடு, அதே ஐந்து நிமிட நிறுத்தங்களோடு, மூடியை மட்டும் திறக்காமல் ஓட்டிப் பாருங்கள். அன்று நின்று, முந்தைய நாள் நிற்கவில்லை என்றால் யாரும் மறுக்க முடியாது. நின்ற அந்த நிமிடமே செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடிக்காமல், இறங்கி மூடியைத் திறந்து மூடிவிட்டு ஒரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டிய வண்டி ஒரு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் அதுவே கூடுதல் சாட்சி.

உறுதியானால் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "கேனிஸ்டருக்கு வெளிக்காற்று வரும் வழி முழுவதையும் பாருங்கள்." குழாயின் வாய், நடுவில் சிறு ஃபில்டர் இருந்தால் அது, சில வண்டிகளில் அந்த வழியைத் திறந்து மூடும் மின்வால்வு, கேனிஸ்டர் பெட்டி. இவற்றில் எது அடைத்திருந்தாலும் விளைவு ஒன்றுதான். அந்தக் குழாயைக் கழற்றி வாயால் மெல்ல ஊதிப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். பெட்ரோல் ஆவி உள்ள குழாயில் வாயை வைக்க வேண்டாம், கைப் பம்ப் போதும். அழுத்தக் காற்றை நேராகக் கேனிஸ்டருக்குள் பாய்ச்சவும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் கரி பொடிந்து குழாய்களுக்குள் போய்விட்டால் புதிய தலைவலி. பல மூடிகளில், வழக்கமான வழி அடைபட்டாலும் காற்றை உள்ளே விட ஒரு சிறு வால்வு உண்டு. அது வேலை செய்திருந்தால் வண்டி இந்த நிலைக்கு வந்திருக்காது. எனவே மூடியையும் பாருங்கள். பழைய பெட்ரோலின் பிசின் அந்த வால்வை ஒட்டிப் போட்டிருக்கலாம். உங்கள் மாடலுக்கு உரிய மூடியையே வாங்குங்கள். கடையில் கைக்குக் கிடைத்த, வால்வே இல்லாத மூடியைப் போட்டுவிட்டால் திரும்பவும் இதே நிலைக்கு வரலாம்.

ஒருவேளை சோதனையில் நான் சொன்னது பொய்த்துப்போனால்? மூடியைத் திறந்தும் திறக்காமலும் ஒரே மாதிரி நின்றால், அடுத்து நிற்கும் நிமிடத்தில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் அளந்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதில் பயன் இல்லை. காய்ச்சல் இல்லாத நேரத்தில் தெர்மாமீட்டர் வைப்பதுபோலத்தான் அது. உங்களுடையதைப் போன்ற இன்ஜின்களில் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு பார் வரை இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். அழுத்தம் விழுந்திருந்தால் டேங்கின் அடியில் சேர்ந்த துருவும் பிசினும் சல்லடையை மூடுகின்றனவா, பம்புக்குப் போகும் வயரின் இணைப்பில் துரு ஏறி மின்சாரம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பம்பைப் புதிதாகப் போட்டாலும் அதற்குப் போகும் வயர் பழையதுதானே. அழுத்தம் அசையாமல் இருந்து, நின்ற நிமிடத்தில் பிளக்கில் தீப்பொறி இல்லை என்றால், இன்ஜினின் சுழற்சியை இ.சி.யு.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் பக்கம் திரும்பலாம். சூட்டில் செத்து, ஆறினால் உயிர்பெறும் பழக்கம் அதற்கு உண்டு. ஆனால் நான் முன்பே சொன்னதுபோல அது திக்காது, அறுத்ததுபோல நிறுத்தும்.

இ.சி.யு. பற்றியும் சொல்லிவிடுகிறேன். நின்ற வண்டியில் அது கெடாது என்று சொல்ல மாட்டேன். ஈரம் இறங்கி அதன் இணைப்பான் பச்சைப்பூத்துப் போவதும், எலி வயரைக் கடித்துவைப்பதும் நடப்பதுதான். ஆனால் அதை மாற்றுவதற்கு முன் அதற்கு வரும் மின்சாரம் சரியா, எர்த் சரியா, இணைப்பான்களின் ஊசிகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இன்ஜினுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே, செல்ஃப் சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் துருவோ தளர்ந்த இணைப்போ இருக்கலாம் என்று பொருள். இந்த அளவுகளை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அளக்காமல் சொல்லப்பட்ட முடிவு என்றால், அதற்குப் பணம் செலவழிக்க நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல.

அடுத்தது காலை உதறல். இதை நீங்கள் முதல் பிரச்சினையின் தொடர்ச்சி என்று நினைத்திருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீண்ட நாள் நின்ற வண்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நோய்கள் இருப்பது சகஜம். ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். டேங்க் மூச்சடைத்ததால் வருவது ஓடிய பிறகு வரும். ஓடத் தொடங்கியதும் வந்து தானே சரியாகிற உதறல் வேறு.

இதற்கு என் முதல் சந்தேகம் அந்தக் கால் டேங்க் பழைய பெட்ரோல். பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. சீக்கிரம் ஆவியாகிற லேசான பகுதிகளும் மெதுவாக ஆவியாகிற கனமான பகுதிகளும் சேர்ந்த கலவை. குளிர்ந்த இன்ஜின் எளிதாகத் தீப்பிடிக்க அந்த லேசான பகுதிதான் உதவுகிறது. இரண்டரை ஆண்டில் முதலில் பறந்து போவதும் அதுதான். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறி, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளில் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். புது பெட்ரோல் ஊற்றிக் கலந்தால் சரியாகிவிடும் என்பது பெரும்பாலோர் செய்கிற தவறு.

ஒரு கண்ணாடிக் குப்பியில் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுக்கச் சொல்லி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அடியில் நீர்க்கோடு பிரிந்து நிற்கிறதா? பழுப்பேறியிருக்கிறதா? பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்ததுபோல வாடை வருகிறதா? ஆம் என்றால் முழுவதையும் இறக்கிவிட்டு, டேங்கின் உட்புறத்தை விளக்கடித்துப் பார்த்து, துரு இருந்தால் கழுவி, பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, புதிதாக நிரப்புங்கள். இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்ட வேண்டாம். கழிவு எண்ணெயைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். இந்த வேலையைத் திறந்த வெளியில், தீப்பொறி எதுவும் இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகும் உதறல் நீடித்தால், எந்த சிலிண்டர் சோம்பல்படுகிறது என்று கண்டுபிடிக்க ஸ்கேனர் உதவும். டேஷ்போர்டின் கீழ் இருக்கும் இணைப்பில் செருகினால், மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் விடுவது) எந்த சிலிண்டரில் என்று பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த ஒன்றின் இன்ஜெக்டரை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால் உதறலும் கூடவே இடம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் இன்ஜெக்டர்தான், சுத்தம் செய்தால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். மாறாவிட்டால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். வண்டி நின்ற அன்று எந்த சிலிண்டரில் வால்வு திறந்தபடி நின்றதோ அதில் ஈரம் புகுந்து, வால்வு அமரும் இடத்தில் துரு பூத்திருக்கும். பிசின் பிடித்து வால்வு தாமதமாக மூடும். சூடேறியதும் அது இளகிச் சரியாகிவிடுவது உங்கள் 'இரண்டு மூன்று நிமிட' உதறலுக்குப் பொருந்துகிறது. இதற்காக உடனே இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். இன்ஜின் ஆயிலைப் புதிதாக மாற்றி, நல்ல பெட்ரோலில் சில நூறு கிலோமீட்டர் ஓடினால் இப்படிப்பட்ட லேசான ஒட்டல்கள் தாமாகவே விலகுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓடவிட்டு, மறுபடி கம்ப்ரஷனை அளந்து, அதன் பிறகு முடிவெடுங்கள்.

இன்ஜின் ஆயிலை மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றவில்லை என்றால் இன்றே மாற்றுங்கள். கூலன்ட்டும் அப்படியே.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இன்ஜின் நடுவழியில் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டர் ஓரிரண்டு மிதிகளுக்குத்தான் தாங்கும். அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். நீங்கள் புதிதாக ஓட்டக் கற்றவர். ஆகவே சோதனை ஓட்டத்தை அனுபவமுள்ள ஒருவர் ஓட்டட்டும்; நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கி, இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது ஆவியாகிப் பெடல் உள்ளே போய்விடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக மிச்சமிருந்தாலும், பக்கச்சுவரில் மயிர்வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவும் கூடாது. சைலன்சர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

சோதனைக்குப் போகும் அன்று மூன்று குறிப்புகளை மட்டும் எழுதி வாருங்கள்: கிளம்பியபோது டேங்கில் எவ்வளவு இருந்தது, எத்தனை நிமிடத்தில் முதல் திக்கல், மூடி திறந்ததும் காற்று உள்ளே போயிற்றா வெளியே வந்ததா. அந்தத் தாளை மெக்கானிக்கிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அப்பாவால் பயணம் செய்ய முடியுமென்றால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். இத்தனை பேர் பார்த்த வண்டியில் அந்த மூச்சுச் சத்தத்தைக் காதில் வாங்கியவர் அவர்தான். மூடியை அவரே திறக்கட்டும்.